‘நாளைக்குத் தர்றேன் ஸார்!’

டிகிரி முடித்த புதிதில் நான் ஏறி இறங்கிய இன்டர்வியூக்கள் மொத்தம் பதினொன்று. பி.காம். படித்தவன் என்பதால் இதற்கும் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தேன். பஸ் செலவு, டீ செலவு, இஸ்திரி செலவு, கடைசிக் கட்டத்தில் ‘முடிவு’. முதல் பத்து இடங்களிலும் அந்தக் கட்டத்தில் ஒரே வாசகம்தான். ‘வி வில் கால் யூ.’

பத்துப் பேரும் கூப்பிடவில்லை. பதினோராவது இடத்தில் வழுக்கைத் தலை அதிகாரி ஒருவர் என் ஃபைலை மூடிவிட்டு, ‘யூ ஆர் ஜாயினிங் ஆன் மன்டே’ என்றார். திங்கட்கிழமை போனேன். நாற்காலி, கம்ப்யூட்டர், கழுத்தில் மாட்டும் அட்டை எல்லாம் தயாராக இருந்தன.

இரண்டுமே நடக்கப்போகும் விஷயம்தான். ஒன்றில் ‘வில்’ இருந்தது, வேலை இல்லை. இன்னொன்றில் ‘வில்’ இல்லை, வேலை இருந்தது! இதை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால், பின்னால் ஒரு நல்ல மனிதருக்கு என்னால் நேர்ந்த நஷ்டத்தைத் தவிர்த்திருக்கலாம். அந்தக் கதைக்கு வருகிறேன். (பாருங்கள், ‘வருவேன்’ என்று எழுதவில்லை. ‘வருகிறேன்’!)

வீட்டில் ஒரு காலம், ஆபீஸில் ஒரு காலம்

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது ரொம்பச் சுலபம். நேற்று என்றால் இறந்தகாலம், இன்று என்றால் நிகழ்காலம், நாளை என்றால் எதிர்காலம். எதிர்காலம் வந்தால் ‘வில்’ அல்லது ‘ஷல்’ போடு. பரீட்சையில் ‘டுமாரோ’வைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘வில்’ எழுதினோம். மார்க்கும் வந்தது.

ஆனால் நாம் தமிழில் அப்படியா பேசுகிறோம்? ‘நாளைக்கு ஊருக்குப் போறேன்’ என்கிறோம். ‘அடுத்த மாசம் வீடு மாத்தறோம்.’ ‘சாயங்காலம் வர்றேன்.’ எல்லாம் நிகழ்காலம்தான். ‘நாளைக்கு நான் ஊருக்குப் போவேன்’ என்று யாராவது சொன்னால், ‘ஏன், யார் தடுத்தா?’ என்றுதான் கேட்கத் தோன்றும். அதில் ஒரு வீம்பு தெரிகிறது.

சரி, எதிர்கால உருவத்தை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? தினசரி நடக்கிற பழக்கத்துக்கு! ‘அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார். பேப்பர் படிப்பார். காபி சூடா இல்லைன்னா கத்துவார்.’ எழுந்திருப்பார், படிப்பார், கத்துவார். இலக்கணப்படி எதிர்கால உருவம். அர்த்தப்படி அன்றாடக் கூத்து.

இதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டு போகும்போதுதான் வண்டி தடம் புரள்கிறது. ‘உங்கள் தினசரி வேலைகளைச் சொல்லுங்கள்’ என்று இன்டர்வியூவில் கேட்கிறார்கள். நம் பையன், ‘டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ், ஐ வில் கோ ஃபார் வாக்கிங்’ என்று ஆரம்பிக்கிறான். கேட்பவருக்கு, இவன் இனிமேல்தான் திருந்தப் போகிறான் போலிருக்கிறது என்று படுகிறது. பழக்கத்துக்கு அங்கே வெறும் ‘ஐ கெட் அப்’ போதும்.

அதே பையனிடம், ‘எப்போது ஊருக்குப் போகிறாய்?’ என்றால் ‘டுமாரோ ஐ வில் கோ’ என்கிறான். டிக்கெட் பையில் இருக்கிறது. பெட்டி கட்டியாகி விட்டது. அதற்கு ‘ஐ ஆம் கோயிங் டுமாரோ’ அல்லவா வர வேண்டும்! தமிழில் சரியாக நிகழ்காலத்தில் யோசிக்கிறவன், இங்கிலீஷ் என்றதும் பரீட்சை ஹாலுக்குள் போய் உட்கார்ந்து கொள்கிறான்.

வில் என்றால் உயில்!

இன்னொரு ஆச்சரியம் சொல்கிறேன். இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு எதிர்கால விகுதியே கிடையாது! ‘வாக்’ இருக்கிறது, ‘வாக்ட்’ இருக்கிறது. ‘நடப்பேன்’ என்பதற்கு ஒற்றை உருவம் இல்லை. நம் ‘ப்’, ‘வ்’ மாதிரி அவர்களிடம் எதுவும் இல்லாததால், பழைய இங்கிலீஷில் நாளைய விஷயத்தையும் நிகழ்காலத்திலேயே சொல்லி வந்தார்கள். பிறகு வேறு வேலை பார்த்துக் கொண்டிருந்த இரண்டு சொற்களை இழுத்து வந்து இந்த வேலைக்குப் போட்டார்கள்.

ஒன்று ‘வில்’. அதன் ஆதி அர்த்தம் ‘விரும்புகிறேன்’. வக்கீல் ஆபீஸில் எழுதும் உயிலுக்கும் ‘வில்’ என்றுதான் பெயர் இல்லையா? அதே வேர்தான். தாத்தா தன் விருப்பத்தை எழுதி வைக்கிறார். இன்னொன்று ‘ஷல்’. அதன் ஆதி அர்த்தம் ‘கடன்பட்டிருக்கிறேன்’! ஆக, ஒன்று ஆசை, ஒன்று பாக்கி. இந்த இரண்டை வைத்துக்கொண்டு எதிர்காலத்தை ஓட்டி வந்திருக்கிறார்கள். மிடில் கிளாஸ் குடும்பம் மாதிரி!

இப்போது அந்த ‘வி வில் கால் யூ’வைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கூப்பிட ஆசைதான், ஏற்பாடு ஒன்றும் இல்லை. ‘யூ ஆர் ஜாயினிங் ஆன் மன்டே’யில் ஏற்பாடு நடந்து முடிந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை

2014-ல் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஆபீஸில் இருந்தேன். லண்டன் கம்பெனி ஒன்றின் கணக்கை இங்கே உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை. வருஷக் கடைசி. அவர்களுடைய ஒன்பது கிளைகளின் பாங்க் கணக்கை ஒத்துப் பார்த்து, ஒரு ஸ்டேட்மென்ட் அனுப்ப வேண்டும். ஏழு கிளை முடிந்து விட்டது. இரண்டு கிளையின் பாங்க் பேப்பர் வந்து சேரவில்லை.

புதன்கிழமை லண்டன் அம்மாளிடமிருந்து மெயில். ‘எப்போது கிடைக்கும்?’

நான் பதில் எழுதினேன். ‘ஐ ஆம் சென்டிங் த ஃபைனல் ஸ்டேட்மென்ட் ஆன் ஃப்ரைடே.’

என் மனசுக்குள் ஓடியது, ‘வெள்ளிக்கிழமை அனுப்பிடறேங்க’. நம் தெரு டெய்லர், ‘நாளைக்குத் தர்றேன் ஸார்’ என்பாரே, அந்த ஜாதி. அதைக் கேட்டு யாரும் மறுநாள் போய் நிற்க மாட்டோம். நாலு நாள் கழித்துப் போவோம். அவரும் அதை எதிர்பார்த்துத்தான் சொல்லியிருப்பார். இரண்டு பக்கமும் கோபம் கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தது. பாங்க் பேப்பர் வரவில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கிளம்பி சினிமாவுக்குப் போய் விட்டேன். ‘தாமதமாகும்’ என்று ஒரு வரி மெயில்கூட அனுப்பவில்லை.

லண்டன் அம்மாளோ என் ‘ஆம் சென்டிங்’கை நம்பி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆடிட்டர்களை வரச் சொல்லியிருந்தார். அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இவர் கையில் ஒன்றும் இல்லை. அன்று மதியம் எங்களுக்குப் போன் வந்தது. அந்தம்மாள் கத்தவில்லை. ‘யூ செட் யூ வேர் சென்டிங் இட்’ என்றார். கொஞ்சம் நிறுத்தி, அதையே இன்னொரு தடவை சொன்னார். அவ்வளவுதான்.

எங்கள் டீம் லீடர் போனை வாங்கி, ‘தவறு என்னுடையது, நான் கவனித்திருக்க வேண்டும்’ என்று சொல்லி விட்டார். அவர் அடுத்த மாதம் ஆறு மாத வேலையாக லண்டன் போவதாக இருந்தது. ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்திருந்தார். அந்தப் பயணம் ரத்தாயிற்று. வேறு யாரையோ அனுப்பினார்கள்.

நான் அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாயில் வார்த்தை வரவில்லை. அவர் திட்டவில்லை. ‘தம்பி, நீ பி.காம். தானே? பேப்பர் கைக்கு வரலைன்னு தெரியும் இல்ல? ‘ஐ வில் ட்ரை’ன்னு எழுதியிருக்கலாம். ‘ஐ ஹோப் டு சென்ட்’னு எழுதியிருக்கலாம். ‘ஆம் சென்டிங்’னு தேதி போட்டு எழுதினா அது போஸ்ட்-டேட்டட் செக்டா. பாங்க்ல பணம் இல்லாம ஏன் கையெழுத்துப் போட்டே?’ என்றார்.

செக் பவுன்ஸ் ஆனால் 138-ஆவது பிரிவில் கேஸ் போடலாம் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். வாக்கியம் பவுன்ஸ் ஆனால் யார் மேல் கேஸ் விழும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்து கொண்டேன்.

நாலு கணக்கு

அதற்குப் பிறகு வைராக்கியமாக உட்கார்ந்து இதைப் படித்தேன். கணக்குப் பிள்ளை மூளைக்கு எட்டிய விதத்தில் நாலு தலைப்பாகப் பிரித்துத் தருகிறேன்.

ஃபிக்ஸட் டெபாசிட்: ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன் ஃபார்ட்டி டுநைட்.’ சாதாரண நிகழ்காலம். இது என் விருப்பமோ உங்கள் விருப்பமோ இல்லை. எவரோ அட்டவணை போட்டு ஒட்டி விட்டார்கள். ரயில், விமானம், சினிமாக் காட்சி, பரீட்சை, கிரிக்கெட் மேட்ச், நாளைய சூரிய உதயம் எல்லாம் இதில் அடக்கம். ‘த எக்ஸாம் பிகின்ஸ் ஆன் மன்டே.’ நீங்கள் படித்தீர்களா இல்லையா என்பது பரீட்சைக்குத் தேவையில்லாத விஷயம்.

போஸ்ட்-டேட்டட் செக்: ‘ஐ ஆம் மீட்டிங் த மேனேஜர் ஆன் ஃப்ரைடே.’ நடந்துகொண்டிருக்கும் நிகழ்காலம். தேதி போட்டாயிற்று, பெரும்பாலும் இன்னொருவருக்கும் தெரிவித்தாயிற்று, ஏற்பாடு முடிந்தது. தேதி எழுதுவது முக்கியம். பேச்சில் முன்பே நேரம் தெரிந்திருந்தால் தவிர, ‘ஃப்ரைடே’யை விட்டு விட்டால் இப்போதே அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

பட்ஜெட்: ‘ஐ ஆம் கோயிங் டு லேர்ன் டிரைவிங்.’ மனசுக்குள் முடிவு எடுத்தாயிற்று, இன்னும் பணம் கட்டவில்லை. கண்ணெதிரே அறிகுறி தெரிந்தாலும் இதுதான். வானம் கறுத்து, காற்று சுழற்றி அடித்தால் ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’.

வாய்க் கணக்கு: ‘ஐ வில் ஹெல்ப் யூ.’ அந்த நிமிஷத்தில் தோன்றியது. போன் அடிக்கிறது, ‘ஐ வில் கெட் இட்’ என்று எழுந்து ஓடுகிறீர்கள். முன்கூட்டித் திட்டமெல்லாம் இல்லை. வாக்குறுதி, ஊகம், ‘நடக்கும் என்று நினைக்கிறேன்’ ரகம் எல்லாம் இங்கே வரும். ‘வில்’ மட்டமான சொல் என்று நினைத்து விடாதீர்கள். நண்பன் கஷ்டத்தில் இருக்கும்போது யோசிக்காமல் வரும் ‘ஐ வில் ஹெல்ப் யூ’வைவிட உசத்தியான வாக்கியம் எது?

நாலும் நாளையைப் பற்றியதுதான். எந்த நோட்டில் பதிகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இதில் இன்னொரு ஜாக்கிரதை. நம் கையில் இல்லாத காரியத்துக்கு செக் கொடுக்க முடியாது. ‘இட் இஸ் ரெயினிங் டுமாரோ’ என்று சொன்னால், வருண பகவானிடம் நீங்கள் கையெழுத்து வாங்கி விட்டதாக அர்த்தம்! இன்டர்வியூவில், ‘ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள்?’ என்றால் ‘ஐ ஆம் பிகமிங் மேனேஜர்’ என்று சொல்லி விடாதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு அடி வயிறு கலங்கும். ‘ஐ ஹோப் டு’ போதும்.

ஆபீஸில் அன்றாடம் அடிபடுபவை

லீவு கேட்கும்போது ‘ஐ வில் நாட் கம் டுமாரோ’ என்று எழுதுகிறோம். அதில், ‘வர மாட்டேன், செய்வதைச் செய்துகொள்’ என்ற தொனி ஒட்டிக்கொள்ளக் கூடும். ‘ஐ ஆம் நாட் கமிங் இன் டுமாரோ’ என்றால் வெறும் தகவல். அனுமதி கேட்கிற இடத்தில் இரண்டுமே வேண்டாம், ‘மே ஐ’ என்று கேட்டு விடுவது உத்தமம்.

‘வில் யூ கம்?’ என்றால் கொஞ்சம் கெஞ்சல், வேண்டுகோள். ‘ஆர் யூ கமிங்?’ என்றால் உங்கள் ஏற்பாடு என்ன என்று விசாரிப்பது. கல்யாணச் சாப்பாட்டுக்குத் தலை எண்ணுகிறவர் கேட்க வேண்டியது இரண்டாவது.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றால் சிரிப்பார்கள். அதற்குப் பயந்து ‘ஆம் ஹேவிங்’கையே விட்டு விட்டவர்கள் உண்டு. வேண்டாம். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச் வித் எ க்ளையன்ட் டுமாரோ’ சுத்தமான இங்கிலீஷ். சகோதரர்களை ஏற்பாடு செய்ய முடியாது, சாப்பாட்டை ஏற்பாடு செய்யலாம். அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்புறம் இந்த ‘வென்’, ‘இஃப்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’ கோஷ்டி. ‘வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என்று இரண்டு ‘வில்’ போட்டு நாண் ஏற்றி விடுகிறோம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வில் போதும், யுத்தத்துக்கா போகிறோம்? ‘ஐ வில் டெல் ஹிம் வென் ஹீ கம்ஸ்.’ தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? ‘அவர் வந்ததும் சொல்றேன்.’ ‘வந்ததும்’ இறந்தகாலத்தின் மேல் கட்டியது, ‘சொல்றேன்’ நிகழ்காலம். எதிர்கால உருவம் மருந்துக்குக்கூட இல்லை. ஆனால் அந்த ஆள் இன்னும் வரவும் இல்லை, நாம் சொல்லவும் இல்லை!

ரென் அண்ட் மார்ட்டின் தெரியுமல்லவா? 1930-களில் வந்த அந்த இலக்கணப் புத்தகம் நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. (அந்த ரென், ‘போ ஜெஸ்ட்’ என்று சாகச நாவல் எழுதியவர். நாவலுக்குப் பயந்தவர்களைவிட இலக்கணத்துக்குப் பயந்தவர்கள் ஜாஸ்தி.) நிகழ்காலத்தை எதிர்காலத்துக்குப் போடலாம் என்கிற விதியெல்லாம் பிற்பாடு திருத்தி வந்த பதிப்புகளில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் நேராக ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’வுக்குத் தாவி விட்டோம்.

பவணந்தி முனிவர் பர்மிஷன்

‘வெள்ளைக்காரனுக்கு ஒழுங்காக ஒரு எதிர்காலம்கூட இல்லையா’ என்று ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம் நன்னூலிலும் இந்த விஷயத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர், மூன்று காலமும் இடம் மாறி வரலாம் என்று விதி செய்து, காரணங்களாக விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நாலைச் சொல்லியிருக்கிறார்.

விரைவுக்கு உரைகாரர்கள் தரும் உதாரணம் சுவையானது. ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வெளியே நண்பன் கூப்பிடுகிறான். இவன், ‘சாப்பிட்டேன், வந்தேன்’ என்கிறான். நம் ‘இதோ வந்துட்டேன்’தான்! தெளிவுக்கு உதாரணம், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் ‘மழை பெய்தது’ என்று சொல்லி விடுவது. அறிகுறி அவ்வளவு நிச்சயம். இங்கிலீஷ்காரன் கறுத்த வானத்தைப் பார்த்து ‘கோயிங் டு ரெயின்’ என்பதற்கு இது பெரியப்பா.

போன வாரம் ஆசிரியர் போன் பண்ணி, ‘கட்டுரை என்னாச்சு?’ என்றார். ‘அனுப்பிட்டேன் ஸார்’ என்றேன். அப்போது பாதிகூட எழுதவில்லை. பொய் என்று நினைக்காதீர்கள். விரைவு! முனிவர் அனுமதி இருக்கிறது.

ஆனால் வேடிக்கையை ஒதுக்கி வைத்து விட்டுப் பார்த்தால், நாலு காரணத்தில் ‘ஏமாற்று’ என்று ஒன்றை முனிவர் சேர்க்கவில்லை. தெளிவு இருந்தால் காலத்தை மாற்றிச் சொல். இல்லாத தெளிவை இருப்பதாகக் காட்ட மாற்றாதே. 2014-ல் நான் செய்தது அதுதான். அந்த அம்மாள் என் இலக்கணத்தை நம்பி ஆடிட்டரை வரவழைத்தார். நான் இலக்கணத்தைச் சரியாக எழுதினேன், கணக்கை முடிக்கவில்லை. தப்பு இங்கிலீஷ் எழுதியிருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார்!

போன மாதம் அந்த டீம் லீடர் பேசினார். ஆபீஸை விட்டு நானும் வந்து விட்டேன், அவரும் திருநெல்வேலி பக்கம் போய் செட்டிலாகி விட்டார். ‘அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி. வர்றியா?’ என்றார். ‘வருவியா?’ என்று கேட்கவில்லை.

‘கண்டிப்பா வருவேன் ஸார்’ என்றுதான் நாக்கு நுனி வரை வந்தது. கண்டிப்பு என்று ஆரம்பிக்கிற வாக்குறுதிகளின் கதி நமக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி விட்டு, போனைக் கையில் பிடித்தபடியே கம்ப்யூட்டரில் டிக்கெட் எடுத்தேன். ஸ்லீப்பர் கிளாஸ், சைடு லோயர்.

‘வர்றேன் ஸார்’ என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ‘டிக்கெட் போட்டுட்டுத்தானே சொல்றே?’ என்றார்.